எல்லா அளவிலும் வென்ற போன் அக்காவிடம் தோற்றுவிட்டது. நான் எதை அளக்க மறந்தேன்?

மைக்ரான் மாமா (கோவை):

வணக்கம். முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே வரும் பைத்தியக்காரத்தனத்துக்குக் காரணம் புரியாது. பீளமேட்டில் ஓர் அளவீட்டு ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பம்பு கம்பெனிகளும் ஃபவுண்டரிகளும் அனுப்பும் வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் ஆகியவற்றைச் சரிபார்த்துச் சான்றிதழ் தருவதுதான் எங்கள் பிழைப்பு. வீட்டில் இட்லிக்கு அரிசி போடும்போதுகூட உழக்கைச் சந்தேகப்படுகிறவன் என்று எனக்குப் பெயர்.

அக்கா கணபதியில் தையல் கடை வைத்திருக்கிறார். ஆரி வேலை செய்த ரவிக்கைகளுக்கு அவரிடம் கூட்டம் அதிகம். வாடிக்கையாளர்கள் புடவையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அக்கா நூலையும் மணியையும் படமெடுத்து "இந்த நிறம் சரியா?" என்று திருப்பி அனுப்புவார். பழைய போன் போன மாதம் உயிரை விட்டது. நான் ஒரு கறுப்புப் போன் வாங்கிக் கொடுத்தேன். அதே வாரம் அக்காவின் மகன் தன் முதல் சம்பளத்தில் பெங்களூரிலிருந்து ஒரு நீலப் போன் வாங்கி அனுப்பிவிட்டான் (இது விஷயத்துக்குத் தொடர்பில்லாதது). இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஒன்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், இன்னும் ஆறு நாள் கெடு. கம்பெனிப் பெயர்களை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் இங்கே போர் மூளும், என் கேள்விக்குப் பதில் வராது.

எது நல்லது என்று வாயால் பேசிக்கொண்டிருப்பது எனக்கு ஒத்துவராது. அதனால் இரண்டையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். நீள அளவுகளுக்கு உலகம் முழுவதும் 20 டிகிரிதான் கணக்கு. ஆகவே போன்களையும் ஒரு மணி நேரம் அந்தக் குளிரில் ஊறவைத்துவிட்டுத்தான் தொட்டேன். (சிரிக்காதீர்கள், சக ஊழியர்கள் ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள்.)

எடை: கறுப்பு 183.4 கிராம், நீலம் 204.9. தடிமன்: கறுப்பு 7.68 மில்லிமீட்டர், நீலம் 8.41. திரை முழுவதும் வெள்ளையாக வைத்து, லக்ஸ் மீட்டரை அதன்மேல் ஒட்டவைத்து, வந்த எண்ணைப் பையால் (3.14) வகுத்தால் நிட் கணக்கு (திரை வெளிச்சத்தின் அலகு) ஏறக்குறைய கிடைத்துவிடும். அப்படிப் பார்த்ததில் கறுப்பு 742, நீலம் 561. வாட்ஸ்அப்பில் கேமரா திறக்க கறுப்புக்கு 0.9 நொடி, நீலத்துக்கு 1.3.

பேட்டரிக்கு இரண்டு திரைகளையும் 200 நிட்டில் நிறுத்தி ஒரே வீடியோவை ஓடவிட்டேன், ஒவ்வொன்றிலும் மூன்று முறை. கறுப்பு 17 மணி 15 நிமிடத்திலிருந்து 17 மணி 50 நிமிடம் வரை ஓடியது. நீலம் 15 மணி 5 நிமிடத்திலிருந்து 15 மணி 30 நிமிடம் வரை. கவனியுங்கள், ஒரே போன், ஒரே வீடியோ, ஆனாலும் ஓட்டத்துக்கு ஓட்டம் 35 நிமிடம் மாறுகிறது. போன் விமர்சகர்கள் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு "14 மணி 29 நிமிடம், இது 14 மணி 12, ஆகவே இதுதான் வெற்றி" என்று அறிவிக்கிறார்களே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். பிழை வரம்பு போடாமல் நாங்கள் ஓர் எண்ணை வெளியே அனுப்பினால் எங்கள் அங்கீகாரம் போய்விடும். ஆனால் என் கணக்கில் வித்தியாசம் இரண்டு மணி நேரத்துக்கு மேல், சிதறலைவிட மிகப் பெரியது. அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆக, எல்லாவற்றிலும் கறுப்பு. அக்கா இரண்டையும் இரண்டு நாள் கடையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீலம்தான் வேண்டும் கண்ணு. கறுப்பு நல்ல போன்தான். ஆனால் அது என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. படமும் நீலத்தில்தான் களையாக இருக்கிறது."

களைக்கு அலகு என்ன? கேலியாகக் கேட்கவில்லை. அக்கா முட்டாளில்லை, கால் அங்குலத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று என் அட்டவணையில் இல்லை என்றுதான் படுகிறது. இல்லை, எல்லாம் வெறும் பிடித்தம்தானா?

சும்மா ஒருவன்:

மகனின் முதல் சம்பளம் சார். "தொடர்பில்லாதது" என்று அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்த அடைப்புக்குறியைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

மைக்ரான் மாமா:

அதை நானும் யோசிக்காமலில்லை. ஆனால் போன வருடம் அதே மகன் கல்லூரி விடுதியிலிருந்தே ஏதோ தள்ளுபடியில் வாங்கி அனுப்பிய மிக்சியை "சத்தம் போடுகிறது" என்று மூன்றே நாளில் திருப்பி அனுப்பியவர் அவர். பாசம் வேறு, பண்டம் வேறு என்று பிரிக்கத் தெரிந்தவர்தான்.

பழுதுக்கடை (மதுரை):

பதினான்கு வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன். உங்கள் கேள்வியில் எனக்குச் சுருக்கென்று பட்ட இடம் பேட்டரியும் இல்லை, நிட்டும் இல்லை. "என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது" என்று அக்கா சொன்னதுதான்.

கடைக்கு வருகிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். "போன் தூங்கி வழிகிறது", "மூச்சு வாங்குகிறது", "முறைத்துக்கொள்கிறது." தொடக்கத்தில் நான் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். சோதனை செயலியை ஓட்டுவேன், எண் சரியாக இருந்தால் "உங்கள் மனப்பிரமை" என்று அனுப்பிவிடுவேன். அந்த வழக்கம் 2017 டிசம்பரில் போயிற்று. பழைய ஐபோன்கள் மெதுவாகிவிட்டன என்று உலகம் முழுக்க ஆட்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். புதியதை வாங்கும் ஆசையில் பழையதைக் குறை சொல்கிறார்கள் என்று கேலி செய்தவர்களும் உண்டு. போனின் வேகத்துக்கு மதிப்பெண் போடும் கீக்பெஞ்ச் சோதனையை உருவாக்கிய பிரைமேட் லேப்ஸின் ஜான் பூல், ஐபோன் 6எஸ் போன்களிலிருந்து வந்த மதிப்பெண்களை இயங்குதளப் பதிப்பு வாரியாக வரைபடமாகப் போட்டார். பழைய பதிப்பில் ஒரே மேடு. 10.2.1 பதிப்புக்குப் பிறகு அந்த மேட்டுக்குக் கீழே புதிதாகச் சின்னச் சின்ன மேடுகள். அதாவது ஒரே மாதிரிப் போன்களில் ஒரு பகுதி மட்டும் வேகம் குறைந்து ஓடியிருக்கிறது. பேட்டரி தேய்ந்த போன் திடீரென்று அணைந்துபோகாமலிருக்க வேகத்தைத் தாங்களே மட்டுப்படுத்தியதாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. உத்தரவாதம் முடிந்த போன்களுக்கு 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 29 ஆகக் குறைத்தது. புலம்பியவர்கள் சரியாகத்தான் அளந்திருந்தார்கள், அவர்களிடம் அலகுதான் இல்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. எண்ணுக்காகவே போனைத் தயார் செய்கிற கதை. 2013ல் கேலக்ஸி எஸ்4 போனின் கிராஃபிக்ஸ் சில்லு சாதாரணமாக 480 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது, சில குறிப்பிட்ட சோதனை செயலிகளைக் கண்டால் மட்டும் 533க்கு ஏறும் என்று ஆனந்த்டெக் தளம் பிடித்துக் காட்டியது. பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. 2022ல் இதன் தலைகீழ்: சோதனை செயலியை விட்டுவிட்டு மற்ற செயலிகளை மட்டும் மட்டுப்படுத்துகிறது என்று சாம்சங் எஸ்22 வரிசையைக் கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. பெட்டியில் போடுகிற உச்ச நிட் கணக்கும் இந்த ரகம்தான். திரையின் ஒரு சின்ன மூலை சற்று நேரம் எட்டும் வெளிச்சம் அது. நீங்கள் முழுத் திரையை வெள்ளையாக்கி அளந்தது நல்ல காரியம்.

சரி, அக்காவுக்கு வருவோம். கறுப்பில் கைரேகை உணரி திரைக்கு அடியிலா? நீலத்தில் பக்கவாட்டுப் பட்டனிலா? அப்படியானால் அக்காவின் விரலைப் பாருங்கள். ஊசியும் நூலும் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்திருக்கும், அதன்மேல் தையல் சாக்பீஸ் தூள் வேறு. கொத்தனார்கள், பாத்திரம் தேய்க்கிற அம்மாக்கள், தையல்காரர்கள், இந்த மூவருக்கும் என் கடையில் ஒரே புகார்தான். அவர்கள் யாருமே "கைரேகை உணரி சரியில்லை" என்று சொன்னதில்லை. "போன் என்னை மதிப்பதில்லை" என்பார்கள்.

லேப்டிப் (திருப்பூர்):

அண்ணா, களைக்கு அலகு நான் சொல்கிறேன். சாயப்பட்டறை ஆய்வகத்தில் நிறம் பொருத்துவது என் வேலை, பதினோரு வருடம் ஆயிற்று.

எங்களிடம் நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்கிறது. வாங்குபவர் அனுப்பிய துணிக்கும் நாங்கள் சாயமேற்றிய துணிக்கும் உள்ள தூரத்தை டெல்டா ஈ என்ற ஒரே எண்ணாகக் கொடுத்துவிடும். ஒன்றுக்குள் வரவேண்டும் என்று பல பேர் கேட்பார்கள். 0.6 வந்த துணியை வாங்குபவரின் ஆள் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு "செத்த நிறம்" என்று தள்ளியதும் உண்டு, 1.3ஐ "அப்படியே இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டதும் உண்டு. தூரம் ஒன்றாக இருந்தாலும் எந்தப் பக்கம் விலகியது என்பதில்தான் கண்ணின் கோபம் இருக்கிறது. சிவப்பு கொஞ்சம் செறிவாகப் போனால் மன்னித்துவிடுவார்கள். பழுப்புப் பக்கம் சாய்ந்தால் மன்னிக்கவே மாட்டார்கள்.

படத்திலும் அதேதான். புல்லும் வானமும் உண்மையில் இருப்பதைவிடச் செறிவாகத்தான் நம் நினைவில் பதிந்திருக்கின்றன. துல்லியமான படத்தைக் காட்டினால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அக்கா சொன்ன களை பெரும்பாலும் அந்தச் செறிவுதான். யூடியூபில் போன் விமர்சனம் செய்யும் மார்க்கெஸ் பிரவுன்லீ 2018ல் பதினாறு போன்களின் படங்களைப் பெயர் மறைத்து இரண்டிரண்டாக மோதவிட்டு இணையத்தில் வாக்குக் கேட்டது நினைவிருக்கலாம். ஐபோன் எக்ஸ் முதல் சுற்றிலேயே வெளியே போனது. நுணுக்கமும் நிறத் துல்லியமும் தேடியவர்கள் குறைவு, எந்தப் படம் வெளிச்சமாக இருந்ததோ அதற்கே பல இடங்களில் வாக்கு விழுந்தது.

உங்கள் 742, 561 கணக்கையும் விட மாட்டேன். மீட்டருக்கு அது 32 சதவீத வித்தியாசம். கண்ணோ ஏறக்குறைய கனமூலத்தில்தான் வெளிச்சத்தை உணர்கிறது, அதன்படி பத்து சதவீதம் மட்டுமே. வெயிலில் நின்றால் உதவும், கடைக்குள் அக்காவுக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது.

ஆனால் ஒன்று, அக்காவின் தொழிலுக்குக் களை ஆபத்து. வாடாமல்லி, மயில் கழுத்து நிறமெல்லாம் போன் கேமராவிடம் சுலபத்தில் மாட்டாதவை. அதன்மேல் கடை டியூப்லைட். அதன்கீழ் ஒன்றுபோல் தெரியும் இரண்டு நூல்கள் வெயிலில் சண்டைக்காரர்களாகிவிடும். அதற்காகத்தான் எங்கள் பெட்டியில் பகல் வெளிச்சம், கடை விளக்கு, குண்டு பல்பு என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். நீலப் போனின் திரை அமைப்பில் நிறத்தைச் செறிவாக்கிக் காட்டும் "விவிட்" இருக்கிறதா பாருங்கள். இருந்தால் "நேச்சுரல்" ஆக்குங்கள். பிறகு இரண்டு போன்களின் படங்களையும் மூன்றாவதாக ஒரு திரையில் வைத்துக் காட்டுங்கள். அப்போதுதான் அக்காவுக்குப் பிடித்தது கேமராவா திரையா என்று பிரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். கேபிள் போட்டு எடுங்கள்.

ஒற்றைத் தலைவலி:

இரவில் தைப்பாரா? சில திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. நொடிக்கு 240 முறை துடிக்கும் திரைகள் சந்தையில் உண்டு. உங்கள் லக்ஸ் மீட்டர் சராசரியை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். என் மண்டை அப்படி இருப்பதில்லை. வெளிச்சத்தைக் குறைத்து வைத்து ஒரு மணி நேரம் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

மைக்ரான் மாமா:

நாலு நாள் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று. வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பழுதுக்கடை நண்பரே, கும்பிடு. கறுப்பில் உணரி திரைக்கு அடியில், நீலத்தில் பக்கவாட்டில். ஒரு வேலைநாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து எண்ணினேன். கறுப்பு நாற்பதில் 17 முறை முதல் தொடுதலிலேயே திறந்தது. நீலம் 34. ஒரே விரலை இரண்டு முறை பதிந்து வைத்தால் மேம்படும் என்று மருமகன் போனில் சொன்னான், செய்தேன், கறுப்பு 23க்கு ஏறியது. என் விரலுக்கு இரண்டுமே நாற்பதில் 39, 40. அதாவது ஆய்வகத்தில் என் கையால் எத்தனை முறை சோதித்திருந்தாலும் இது தெரிந்தே இருக்காது. கருவியைச் சரிபார்க்கும்போது அதைப் பயன்படுத்தும் ஆளையும் கணக்கில் எடு என்று புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான்தான் பாடம் நடத்துகிறேன்.

திருப்பூர் சகோதரிக்கு. பத்து நூல்களை இரண்டு போன்களிலும் படமெடுத்து லேப்டாப்பில் ஏற்றினேன். எது எந்தப் போன் என்பது எனக்கும் தெரியக்கூடாது, என் முகத்தைப் பார்த்தே அக்கா சொல்லிவிடுவார். ஆகவே காசைச் சுண்டி வரிசை மாற்றும் வேலையை மனைவியிடம் கொடுத்துவிட்டு நான் வாசலில் உட்கார்ந்தேன். பத்தில் ஆறு முறை நீலம். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தால்கூட எட்டோ அதற்கு மேலோ வர நூற்றுக்கு ஐந்தரை வாய்ப்பு உண்டு. ஆறு என்பது ஒன்றுமே இல்லை. கேமராவில் அக்காவுக்குப் பிடித்தம் கிடையாது.

பிறகு ஒரே படத்தை இரண்டு போன் திரைகளிலும் வைத்து, விளிம்பு தெரியாமல் ரவிக்கைத் துணியால் மூடிக் காட்டினோம். பத்தில் ஒன்பது நீலம்! அமைப்பைத் திறந்து பார்த்தால் விவிட், நீங்கள் சொன்னபடியே. கறுப்பு முதலிலிருந்தே நேச்சுரலில்தான் வந்திருக்கிறது. நீலத்தையும் நேச்சுரல் ஆக்கிக் காட்டினேன். அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "இரண்டுமே வாடிப்போய்விட்டனவே" என்றார். வாடாமல்லி நூலைப் பக்கத்தில் வைத்து, "இப்போது எது நூல் மாதிரி இருக்கிறது?" என்று கேட்டேன். உதட்டைச் சுழித்துக்கொண்டு, வாடிப்போனதுதான் என்று ஒப்புக்கொண்டார். அதற்காக விவிட்டை விட்டுக்கொடுக்கவில்லை. "வாடிக்கையாளருக்குப் படத்தோடு ஷேடு கார்டு எண்ணையும் அனுப்பிவிடுகிறேன். நாள் முழுக்கப் பார்க்கப்போவது நான்தானே, எனக்கு அழகாக இருந்துவிட்டுப் போகட்டும்." இதற்கு நான் என்ன பதில் சொல்வது? ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

தலைவலி நண்பர் சொன்ன சோதனையில் இரண்டுக்கும் புகார் இல்லை. அக்காவின் தலைவலியெல்லாம் முகூர்த்த மாதத்தில்தான் வருமாம்.

கடைசியில் ஒன்று, யாரும் சொல்லாதது, எனக்கே ஆச்சரியம். கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் கையில் கொடுத்து, எது எடை குறைவு என்று கேட்டேன். சட்டென்று நீலம் என்றார். 21.5 கிராம் அதிகமான போன்! திரும்பத் திரும்பக் கொடுத்தேன், ஆறு முறையும் அதே பதில். பின்புறத்தைத் தடவிப் பார்த்ததும் புரிந்தது. கறுப்பின் முதுகு பளபளப்பான கண்ணாடி, நீலத்தின் முதுகு சொரசொரப்பு. வழுக்குகிற பொருளை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, கை அந்த இறுக்கத்தையும் எடையோடு சேர்த்துக் கூட்டிக்கொள்கிறது. என் தராசு காட்டியதில் தப்பு இல்லை. அக்காவின் கை எடை போட்டது வேறொன்றை.

கறுப்பைத் திருப்பி அனுப்பவில்லை. கெடு இரண்டு நாள் இருந்தும் நானே வைத்துக்கொண்டேன், பேட்டரி உண்மையிலேயே நன்றாக நிற்கிறது. முதல் வேலையாக ஒரு சொரசொரப்பான உறை வாங்கினேன். எடை இப்போது 211.2 கிராம், கைக்கு லேசாகத்தான் இருக்கிறது.

சும்மா ஒருவன்:

எல்லாம் சரி சார். அடைப்புக்குறி?

மைக்ரான் மாமா:

அதைச் சோதிக்க மருமகன் கறுப்பில் ஒன்றும் வாங்கி அனுப்பவேண்டும். கேட்டிருக்கிறேன். செய்தியைப் பார்த்துவிட்டான், நீலக் குறி இரண்டும் விழுந்துவிட்டது. பதில்தான் வரவில்லை.